செல்ஃப் எடுக்க வைத்தவர்: சார்லஸ் கெட்டரிங்

நம்ம ஆட்டோமொபைல் ஒர்க்‌ஷாப்பில் தினமும் காதில் விழுகிற இரண்டு வாக்கியங்கள் உண்டு. ஒன்று, ‘செல்ஃப் எடுக்கல’. இன்னொன்று, ‘கிராங்க் ஆகுது, ஆனா ஸ்டார்ட் ஆகல’. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து வைவாவில் பதில் சொன்னால் எக்ஸ்டர்னல் சார் புருவத்தை உயர்த்துவார். சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி என்றால் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரியைப் பார், டெர்மினலைப் பார், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷைப் பார். கிர்ர்... கிர்ர்... என்று என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கமாட்டேன் என்கிறது என்றால் அது கிராங்க் ஆகி ஸ்டார்ட் ஆகாத கேஸ். அப்போது பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் கோளாறு, வெளியிலிருந்து சுற்றிவிடும் சக்தியில். இரண்டாவது கோளாறு, என்ஜினுக்குள்ளேயே.

இந்த வார்த்தைகள் ஒர்க்‌ஷாப் கேட்டைத் தாண்டி ஹாஸ்டலுக்கும் கேன்டீனுக்கும் எப்போதோ வந்துவிட்டன. காலை எட்டு மணிக்கும் போர்வையை விட்டு வெளியே வராத ரூம்மேட்டுக்கு செல்ஃப் எடுக்கவில்லை. நாலு பேர் பிடித்து இழுத்தால்தான் ரெக்கார்டு நோட்டு எழுதுகிறவன் தள்ளு மாடல் வண்டி. விடிய விடியப் படித்துவிட்டு, கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் பேனா ஓடாமல் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி வேறு என்ன சொல்வது? கிராங்க் ஆச்சு, ஸ்டார்ட் ஆகல!

இங்கிலீஷ்காரர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. கிராங்க் என்ற சொல்லுக்கு வளைந்தது என்பதுதான் மூலப் பொருள். வளைந்த கம்பியைச் சுற்றுவது கிராங்க் செய்வது ஆயிற்று. பிறகு பாட்டின் சத்தத்தைக் கூட்டுவதும் கிராங்க், யோசிக்காமல் ஒரே மாதிரிக் கதைகளை எழுதித் தள்ளுவதும் கிராங்க் என்று சொல் விரிந்துகொண்டே போயிற்று. செல்ஃப் ஸ்டார்ட்டர் என்ற சொல்லோ வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ஏறிவிட்டது. மேலதிகாரி தள்ளிவிடாமல் தானே வேலையில் இறங்குகிறவருக்கு அந்தப் பெயர். மோட்டார் பாகத்தின் பெயர் மனுஷனின் குணத்துக்கு வந்துவிட்டது, பாருங்கள்!

காரில் கிராங்க் செய்கிற வேலையை மனிதன் கையிலிருந்து பிடுங்கி பேட்டரியிடம் கொடுத்தவர் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங். நம்ம பாடப் புத்தகத்தில் பேட்டரி காயில் இக்னிஷன் என்று படிக்கிறோமே, கான்டாக்ட் பிரேக்கர், கண்டென்ஸர், இக்னிஷன் காயில் எல்லாம் போட்டு டயகிராம் வரைந்து எட்டு மார்க் வாங்குகிறோமே, அதற்கு இன்னொரு பெயரே கெட்டரிங் இக்னிஷன்தான். டயகிராம் நமக்கு மனப்பாடம். ஆளைப் பற்றித்தான் அவ்வளவாகத் தெரியாது.

கதைக்குப் போகும் முன் ஒரு சின்ன தியரி. நீராவி என்ஜினுக்கு ஆவியைத் திறந்துவிட்டால் நின்ற இடத்திலிருந்தே தள்ள ஆரம்பிக்கும். மின்சார மோட்டாரும் அப்படியே. ஆனால் பெட்ரோல் என்ஜினுக்கு நின்ற இடத்தில் பலம் கிடையாது. நான்கு ஸ்ட்ரோக்கில் ஒன்றே ஒன்றுதான் சக்தி கொடுக்கிறது. மற்ற மூன்றுக்கும் யாராவது சக்தி கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஃப்ளைவீல் அதைப் பார்த்துக்கொள்கிறது. நின்றுகிடக்கும்போது? வெளியிலிருந்து ஒருவர் வந்து கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி, மிக்சரை உள்ளே இழுக்க வைத்து, அழுத்த வைத்து, பொறி விழும் வரை கொண்டுபோய் விட வேண்டும். அதன் பிறகு என்ஜின் தன் காலில் நிற்கும். இந்த ஒரு சில வினாடி உபகாரத்துக்குப் பெயர்தான் கிராங்கிங்.

1900-களின் தொடக்கத்தில் அந்த உபகாரத்தை மனிதனின் வலது கை செய்தது. காரின் முன்புறம் ஓட்டையில் இரும்பு ஹேண்டிலை நுழைத்து, குனிந்து, மூச்சைப் பிடித்துச் சுற்ற வேண்டும். சுற்றும் முன் ஸ்டீயரிங் பக்கத்தில் உள்ள லீவரைத் தள்ளி இக்னிஷன் டைமிங்கை ரிடார்டு செய்ய வேண்டும். மறந்தால் போச்சு! பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே மிக்சர் வெடித்து, கிராங்க் ஷாஃப்டைத் தலைகீழாகத் திருப்பும். ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைக்கும். மணிக்கட்டு முறியும். இப்படி ரேடியஸ் எலும்பின் நுனி உடைவதற்கு டாக்டர்கள் டிரைவர் முறிவு என்ற பொருள்பட ஷோஃபர் ஃபிராக்சர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றி மடக்காதே, மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வை என்பது அந்தக் காலத்து முதல் பாடம். நம் ஊரிலும் ஆயில் என்ஜின் பம்ப்செட்டை ஹேண்டில் போட்டுச் சுற்றிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எப்போது டீகம்ப்ரஷன் லீவரை விட வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்று இப்போதும் செய்து காட்டுவார்கள்.

அதனால் கார் ஓட்டுவது பலசாலியின் வேலை ஆயிற்று. பெண்களும் வயதானவர்களும் பெட்ரோல் காரை விட்டு மின்சார காரை நாடினார்கள். பெட்ரோல் காரை லட்சக்கணக்கில் செய்து விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது டெட்ராய்ட் எலக்ட்ரிக் கம்பெனியின் பேட்டரி கார் என்றால் நம்புவீர்களா? உண்மை அதுதான்.

இனி நம்ம ஹீரோ. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லவுடன்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் நான்காவதாக 1876 ஆகஸ்ட் 29-ஆம் தேதி பிறந்தார் கெட்டரிங். படிப்பில் ஆசை. ஆனால் கண் சரியில்லை. கொஞ்சம் படித்தாலே தலைவலி பிடுங்கும். பள்ளி முடித்துக் கிராமப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார். காசு சேர்த்துக் கல்லூரிக்குப் போனார், கண் வலியால் திரும்பினார். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் சேர்ந்தார், மறுபடியும் கண் காரணமாக நின்றார். அந்த இடைவெளியில் அவர் செய்த வேலை என்ன தெரியுமா? டெலிபோன் கம்பெனியில் கம்பம் நடுகிற, கம்பி இழுக்கிற வேலை! குழி தோண்டும் கூலியாக ஆரம்பித்து அந்தக் குழுவுக்கு ஃபோர்மேன் ஆனார். வெயிலில் உழைத்ததில் உடம்பும் கண்ணும் கொஞ்சம் தேறின. திரும்பிப் போய்ப் படிப்பைத் தொடர்ந்தார். கூடப் படித்த நண்பர்கள் பாடத்தை வாய்விட்டுப் படிக்க, இவர் காதால் கேட்டே மனதில் ஏற்றிக்கொண்டார். 1904-இல் எலக்ட்ரிகல் என்ஜினீயராக வெளியே வந்தபோது வயது 27. அரியர் வைத்த நண்பர்கள் இந்த வயதை ஒருமுறை குறித்துக்கொள்ளலாம்!

டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. கடைகளில் காசு வாங்கிப் போடும் கல்லாப்பெட்டி இயந்திரம் அது. அதையும் அப்போது கையால்தான் சுற்ற வேண்டும், அதிலும் ஒரு கிராங்க்! பட்டனைத் தட்டினால் மோட்டாரே சுற்றிக் கல்லாவைத் திறக்கும்படி செய்தார் கெட்டரிங். இங்கே அவர் கவனித்த ஒரு விஷயம்தான் பிற்பாடு காருக்குக் கை கொடுத்தது. கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓடுவதில்லை. ஒரு வினாடி பலமாக இழுத்துவிட்டு நின்றுவிடுகிறது. ஒரு வினாடி வேலைக்கு மோட்டாரின் அளவை மீறிப் பாரம் கொடுத்தாலும் அது சூடாகி எரிய நேரம் இல்லை. ஆகவே மோட்டார் சின்னதாகவே இருக்கலாம்.

அதே கம்பெனியில் இருந்த எட்வர்டு டீட்ஸ் என்ற என்ஜினீயரின் வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை. ஆபீஸ் முடிந்து இரவில் கெட்டரிங்கும் நண்பர்களும் அங்கே கூடி காருக்கான இக்னிஷன் வேலையில் இறங்கினார்கள். கொட்டகைக் கூட்டம் என்ற பொருளில் அவர்களுக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. 1909-இல் கேடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லீலண்ட் 8,000 இக்னிஷன் செட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். கெட்டரிங் வேலையை ராஜினாமா செய்தார். டேட்டன் என்ஜினீயரிங் லேபரட்டரீஸ் கம்பெனி, சுருக்கமாக டெல்கோ, பிறந்தது. (டாட்டாவின் டெல்கோ லாரிக் கம்பெனி வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அடுத்ததுதான் செல்ஃப் ஸ்டார்ட்டர். கார் உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று இருக்கிறது. பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர், லீலண்டுக்கு வேண்டியவர். வழியில் கார் நின்றுபோய்த் தவித்த ஒரு பெண்மணிக்கு உதவ இறங்கி ஹேண்டிலைச் சுற்றினார். அது எகிறி அவர் தாடையை உடைத்தது. 1908-இல் அவர் இறந்தார். அந்தத் துக்கத்தில்தான் லீலண்ட் கெட்டரிங்கிடம் இந்த வேலையை ஒப்படைத்தார் என்பார்கள். கதையில் கூடக்குறைச்சல் இருக்கலாம். ஆனால் ஹேண்டில் பலரின் எலும்பை உடைத்தது கதையல்ல.

மின்சாரத்தால் கிராங்க் செய்யலாம் என்ற எண்ணம் புதிதும் அல்ல. அமுக்கிய காற்று, ஸ்பிரிங், அசிட்டிலின் வாயு என்று மற்றவர்கள் பலதையும் முயன்று பார்த்தார்கள். மின்சார மோட்டார் என்றால் அதுவும் பேட்டரியும் சேர்ந்து என்ஜின் அளவுக்கே பெரிதாகிவிடும் என்று கணக்குப் போட்டுக் கைவிட்டவர்கள் அதிகம். அவர்கள் கணக்கு சரி. ஆனால் மோட்டார் ஓயாமல் ஓட வேண்டும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. கிராங்க் செய்வது சில வினாடிதான் என்பதை அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை! கல்லாப்பெட்டியை நினைவில் வைத்திருந்த கெட்டரிங் சின்ன மோட்டாரைப் பல்சக்கரங்கள் வழியாக ஃப்ளைவீலோடு இணைத்து, ஓவர்லோடு கொடுத்துச் சுற்றவிட்டார். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். சுற்றும்போது 24 வோல்ட், சார்ஜ் ஆகும்போது 6 வோல்ட். அதே கரண்டில் விளக்கும் எரியும், இக்னிஷனும் நடக்கும். ஸ்டார்ட்டிங், லைட்டிங், இக்னிஷன் மூன்றையும் ஒரே சிஸ்டமாகக் கட்டியதுதான் அவருடைய உண்மையான சாதனை என்பது என் கருத்து. வெறும் ஸ்டார்ட்டர் மட்டும் செய்திருந்தால் பேட்டரி இரண்டு நாளில் காலியாகியிருக்கும்.

1911 பிப்ரவரியில் லீலண்டின் முன்னால் கார் பட்டனில் ஸ்டார்ட் ஆயிற்று. 1912 மாடல் கேடிலாக் கார்களில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. பேட்டண்ட் 1915-இல் கிடைத்தது. ஃபோர்டின் மாடல் டி கார் மட்டும் 1919 வரை இழுத்தடித்தது. பெண்கள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போக முடிந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஹேண்டில் தொல்லைக்காகவே வாங்கப்பட்ட மின்சார கார்களுக்கு மவுசு குறைய ஆரம்பித்தது. விலையும் தூரமும் ஏற்கெனவே பிரச்னை, இருந்த ஒரு வசதியும் போயிற்று. மின்சார காரைக் கவிழ்த்ததில் ஒரு மின்சார மோட்டாருக்குப் பங்கு உண்டு!

ஹேண்டில் காணாமல் போனது. ஆனால் வினைச்சொல் போகவில்லை. மனிதன் சுற்றியதற்கு வைத்த பெயரையே மோட்டார் சுற்றுவதற்கும் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் கிராங்க் ஆவது வேறு, ஸ்டார்ட் ஆவது வேறு என்ற வித்தியாசம் டிரைவர் சீட்டில் இருப்பவனுக்கும் தெரிய ஆரம்பித்தது. கையால் சுற்றியபோது ஸ்டார்ட் ஆகாவிட்டால் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டான். மோட்டார் சுற்றியும் பிடிக்காவிட்டால் குறை உள்ளே இருக்கிறது என்று புரிந்தது.

இந்த வித்தியாசத்தைக் கெட்டரிங்கின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். 1916-இல் டெல்கோவை யுனைடெட் மோட்டார்ஸ் வாங்கியது. அது ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்தது. முதல் உலகப் போர் சமயத்தில், 1918-இல், ஆளில்லாமல் பறந்து போய்க் குறி வைத்த தூரத்தில் விழும் ஒரு குட்டி விமானத்தைச் செய்தார். அது களத்துக்குப் போகும் முன் போர் முடிந்துவிட்டது. 1920-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் ஆனார். தலைவர் ஆனதும் ரேடியேட்டரும் தண்ணீரும் இல்லாத, காற்றாலேயே குளிரும் ஒரு என்ஜினில் இறங்கினார். சிலிண்டரைச் சுற்றிச் செம்புத் தகடு மடிப்புகள். காகிதத்தில் பிரமாதம். லேபில் ஓடியது. 1923-இல் செவ்ரலே காரில் போட்டு 759 வண்டிகள் செய்தார்கள். சாலைக்கு வந்ததும் சூடு, சத்தம், இழுவை இல்லை. அதே வருஷம் வண்டிகளைத் திரும்ப வரவழைத்தார்கள். கெட்டரிங் மனமுடைந்து ராஜினாமா செய்வதாக எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் விடவில்லை. எத்தனை பணம், எத்தனை ஆள், எத்தனை மாதம் வெளியிலிருந்து சுற்றிவிட்டார்கள்! அது பிடிக்கவே இல்லை. கிராங்க் ஆச்சு, ஸ்டார்ட் ஆகல.

பிடித்துக்கொண்ட இன்னொரு வேலைதான் பெரிய வம்பு. அதையும் எழுத வேண்டும். மலரில் வரும் வாழ்க்கை வரலாறு என்றால் நல்லதை மட்டும் எழுதி மாலை போட்டுவிட்டுப் போவது வழக்கம். இவர் விஷயத்தில் அப்படிச் செய்தால் பாதி ஆளைத்தான் காட்டியதாகும்.

கெட்டரிங் இக்னிஷன் வந்த பிறகு என்ஜினில் ஒரு தட்டும் சத்தம் அதிகமாயிற்று. நாக் என்கிறோமே, அதுதான். இந்தப் பேட்டரி இக்னிஷனால்தான் வருகிறது என்று போட்டிக் கம்பெனிகள் பேசின. பழி தன் மேல் விழுந்ததால் கெட்டரிங் அதன் வேரைத் தேடினார். 1916-இல் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்க்லி என்ற இளைஞரிடம் வேலையைக் கொடுத்தார். பொறியில் பிழை இல்லை, எரிபொருளில்தான் பிழை என்று கண்டார்கள். பொறி பற்றவைத்த தீ போய்ச் சேரும் முன்பே, மூலையில் அழுந்திக் கிடக்கும் மிக்சர் தானாக வெடிக்கிறது. மண்ணெண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் ஏற்றினால் சூட்டை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஒழுங்காக எரியுமோ என்று கெட்டரிங்குக்கு ஒரு யோசனை. வசந்தத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் பூக்கும் ஒரு காட்டுச்செடியின் சிவந்த இலையைப் பார்த்து வந்த யோசனை அது. லேபில் எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயம் இல்லை. கையில் கிடைத்த அயோடினைப் போட்டார்கள். நாக் நின்றது! பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைப் போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. யோசனை தப்பு, பலன் சரி. லேபில் இப்படியும் நடக்கும்.

அயோடின் விலை கட்டாது. பின்னும் ஐந்து வருஷம் வரிசையாகத் தேடினார்கள். டெல்லூரியம் கலந்த ஒரு பொருள் நன்றாக வேலை செய்தது, ஆனால் அதைத் தொட்டவர்கள் உடம்பிலிருந்து பூண்டு நாற்றம் போகவே இல்லை. 1921 டிசம்பர் 9-இல் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயக் கலவை அகப்பட்டது. ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சுமார் 3 மில்லி போதும். 1923-இல் டேட்டனில் முதல் விற்பனை. பெயர் எத்தில். ஈயம் என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை. ஈயம் விஷம் என்பது அப்போதே ஊருக்குத் தெரிந்த விஷயம். ஆல்கஹால் கலந்தாலும் நாக் அடங்கும் என்பதும் இவர்களுக்குத் தெரியும். ஆனால் அதை அதிக அளவில் கலக்க வேண்டும், அதற்குப் பேட்டண்ட் வாங்கவும் வழியில்லை.

1924-இல் எத்தில் கார்ப்பரேஷன் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் கெட்டரிங்தான். அதே வருஷம் அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குப் புத்தி கலங்கியது. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. கட்டிப்போட வேண்டிய நிலை. ஐந்து பேர் செத்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டேட்டன் ஆலையிலும் சாவுகள் நடந்திருந்தன. மிட்க்லிக்கே 1923-இல் ஈய விஷம் ஏறி ஓய்வு எடுக்க வேண்டிவந்தது. 1925-இல் விற்பனையை நிறுத்தி வைத்து அரசாங்கம் ஒரு மாநாடு கூட்டியது. தொழிலாளர் உடல்நலத்தில் பெயர் பெற்ற டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அங்கே எதிர்த்து வாதாடினார். கெட்டரிங் இந்த எரிபொருள் தேவை என்று வாதாடினார். தடை செய்யப் போதுமான ஆதாரம் இல்லை, ஆனால் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று கமிட்டி சொன்னது. 1926-இல் விற்பனை மறுபடியும் ஆரம்பித்தது. தொடர்ந்து ஆராய்ந்தது பெரும்பாலும் அந்தத் தொழிலின் காசில்தான்.

ஹேண்டில் ஒருவர் மணிக்கட்டை உடைத்தால் அடுத்த நிமிஷமே தெரியும். ஈயம் அப்படி இல்லை. குழந்தையின் இரத்தத்தில் மெல்லச் சேருவதைக் காதால் கேட்க முடியாது. கண் மங்கிய கெட்டரிங் காதாலேயே படித்துத் தேறியவர், என்ஜின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லக்கூடியவர் என்று எண்ணும்போது இது மனதை உறுத்துகிறது. பேவேயில் ஐந்து பேர் இறந்தது காதில் விழாத விஷயம் அல்லவே! அங்கே நின்று யோசித்திருக்கலாம். யோசிக்க ஆள் இருந்தார், நேரம் இருந்தது, வேறு வழியும் இருந்தது. இவரது ஆராய்ச்சிக் கூட்டத்திலிருந்தே 1928-இல், ஃபிரிட்ஜில் விஷவாயு கசியாமல் இருக்க மிட்க்லி குழு ஃப்ரியானைக் கண்டுபிடித்தது. அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1987-இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் கூடி அதை ஒழிக்க ஒப்பந்தம் போட வேண்டிவந்தது. ஃப்ரியானுக்குக் கெட்டரிங்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈயத்துக்குச் சொல்லாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

முப்பதுகளில் அவருடைய கவனம் டீசல் பக்கம் திரும்பியது. டூ ஸ்ட்ரோக் டீசல் என்ஜினை எடை குறைத்து ரயிலுக்குப் பொருத்தினார். 1934 மே 26-இல் பர்லிங்டன் செஃபிர் என்ற எஃகு ரயில் டென்வரிலிருந்து சிகாகோ வரை 1,000 மைலுக்கு மேல் 13 மணி 5 நிமிஷத்தில் ஓடியது. நீராவி யுகம் முடியப் போகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவர் மகன் யூஜீனும் இந்த என்ஜின்களில் வேலை செய்தவர். அந்த வரிசையில் வந்த 567 என்ஜின், 1962-இல் நம் இந்திய ரயில்வே இறக்குமதி செய்த டபிள்யூ.டி.எம்.4 லோகோவில் இருந்தது. ரயில்வே அப்ரண்டிஸ் போகும் மெக்கானிகல் நண்பர்கள் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசி வருஷங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1945-இல் ஸ்லோன் கொடுத்த பணத்தில் நியூயார்க்கில் தொடங்கிய புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஸ்லோன்-கெட்டரிங் என்று பெயர். ஆராய்ச்சியை ஒழுங்கு செய்யும் பொறுப்பில் இவர் பங்கெடுத்தார். 1947-இல் ஓய்வு பெற்றார். இலை சூரிய ஒளியை எப்படி உணவாக்குகிறது என்ற ஆராய்ச்சிக்கும் அவர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1958 நவம்பர் 25-இல் டேட்டனில் காலமானார், வயது 82. பேட்டண்டுகள் 180-க்கு மேல். பாதி நாள் ஆலையிலும் பாதி நாள் வகுப்பிலும் படிக்கும் முறையை, நம்ம சாண்ட்விச் கோர்ஸ் மாதிரியான படிப்பை, அவர் வாழ்நாள் முழுக்க ஆதரித்தார். ஃபிளிண்ட் நகரில் அந்த முறையில் பாடம் நடத்தும் கல்லூரிக்கு 1998-இல் கெட்டரிங் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றினார்கள்.

ஈயத்தின் கதை அவர் இறந்த பிறகும் ஓடியது. பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, தன் ஆராய்ச்சிக்காக ஈயத்தை அளக்கப் போனார். எங்கே பார்த்தாலும் ஈயம் படிந்திருப்பதைக் கண்டார். மனித உடம்பில் இயற்கைக்கு மீறிய ஈயம் இருக்கிறது என்று 1965-இல் எழுதினார். தொழில் அவரை எதிர்த்தது, அவர் விடவில்லை. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் 1995-இல் வந்தது, நாடு முழுக்க 2000-இல். உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. டேட்டனில் முதல் கேலன் விற்று 98 வருஷம்!

கெட்டரிங்கின் ஸ்டார்ட்டரால் ஓரங்கட்டப்பட்ட மின்சார வண்டி இப்போது திரும்பி வந்துவிட்டது. நின்ற இடத்திலிருந்தே இழுக்கிற மோட்டாருக்குச் சுற்றிவிட ஆள் வேண்டாம். நம்ம பார்க்கிங் ஷெட்டில் பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருக்கும் நண்பர்களைக் கவனித்துப் பாருங்கள். வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வா என்றுதான் சொல்கிறார்கள். சார்ஜ் இறங்கி நின்றுவிட்டால் செல்ஃப் எடுக்கவில்லை என்றுகூடச் சொல்கிறார்கள், அதில் செல்ஃப் மோட்டாரே கிடையாது என்றாலும்! கிராங்க் ஆகுது என்று மட்டும் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.